பீரோவுக்குப் பதிலாக வந்த பெட்டி

ஊரார் வீட்டு ஸ்பூல் டேப் ரிக்கார்டர்களையெல்லாம் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தவன் நான். எங்கள் வீட்டு ரிக்கார்டரைத் தொட மட்டும் எனக்கு அனுமதி கிடையாது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, பிறகு கோபமாக இருந்தது, அதற்கும் பிறகு பழகிவிட்டது.

ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் மெஷின்களைப் பராமரிக்கிற வேலையில் இருந்தேன். பாடுகிறவர்கள் காலையில் வந்து தொண்டையைச் செருமுவதற்குள் எல்லா மெஷினிலும் டேப் உரசி ஓடுகிற ஹெட்டை நான் துடைத்து முடித்திருக்க வேண்டும். கூடத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு வீட்டின் முன்னறையில் மேஜை போட்டுக்கொண்டேன். பரணிலிருந்து இறக்கியதைத் தூக்கிக்கொண்டு இப்போதும் யாராவது வருகிறார்கள். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: "நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு." திறந்து பார்த்தால் உள்ளே கரப்பான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருக்கும். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை மெஷினுக்கு விட்டவரும் உண்டு. மனிதர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை, அழுக்கு சொல்வதைத்தான் நம்புவேன் என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்த காலம் அது.

அப்பாவின் ரிக்கார்டர் தங்கை வீட்டில் அவருடைய அறையில், துணி மூட்டைபோல் மூடிக் கட்டியிருக்கும். பக்கத்திலேயே அவருடைய இரும்புப் பெட்டி. சட்டை வேட்டியெல்லாம் இன்னும் அதில்தான். "கொஞ்சம் துடைச்சுத் தரட்டுமாப்பா?" என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

"ஊரான் மெஷின என்ன வேணா பண்ணிக்கோ. இதுல கை வச்சே, அப்புறம் கை இருக்காது."

மகன் மெக்கானிக்காக இருக்கிற வீட்டில் இப்படி ஒரு சட்டம். காரணம் கேட்டால் காது கேட்காதவர் போல உட்கார்ந்திருப்பார். வயதான காலத்தில் நிஜமாகவே காது கேட்காமல் போய், நடிக்க வேண்டிய சிரமமும் அவருக்கு இல்லாமல் போனது.

அந்த மெஷினில் ஓட்டுவதற்கு வீட்டில் இருந்தது ஒரே ஒரு டேப். அதில் அம்மா பேசியிருந்தாள். தங்கை வயிற்றில் இருந்தபோது பதிவு செய்தது. தங்கை பிறந்த சில நாட்களிலேயே அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது சட்டைப் பித்தான் போடத் தெரியாத வயது. அம்மாவின் ஈரக் கை என் முகத்தைத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. குரல் ஞாபகம் இல்லை. ஆகவே எங்கள் இருவருக்கும் அம்மா என்றால் அந்த டேப்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அப்பா போடுவார். நாங்கள் தரையில் உட்கார்ந்துகொள்வோம். அப்பா பீரோ வாங்கப் போய் அதற்குப் பதில் டேப் ரிக்கார்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்பதுதான் அம்மா பேசுகிற விஷயம். அதைக் கனத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக இறக்கிவைப்பாள். வாழ்க்கையில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அலுத்துப்போன ஒரு பெரிய மனுஷியின் குரல். பேச்சு முடிந்ததும் கொஞ்சம் அமைதி. பிறகு சரசரவென்று ஒரு சத்தம். அதன் பின் அம்மா விம்முவாள். விட்டுவிட்டு, மூச்சு முட்ட. அந்த விம்மலுக்கு இடையில் ஏதோ சொல்வாள், ஒரு எழுத்துகூடப் புரியாது. அதோடு டேப்பில் பதிவு நின்றுவிடும். மீதி டேப் வெறுமனே சுற்றும்.

அந்த இடம் வருவதற்கு முன்பே அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய், தெருவில் அவருக்கு ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் எதுவும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது?

வெறும் டேப் மிச்சம் இருக்கிறதே என்று ஒருமுறை நான் சிவப்புப் பொத்தானை அமுக்கப் போக, அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கே பொத்தானுக்கு அடியில் மரத்துண்டு ஒன்றைச் செதுக்கிச் செருகிவிட்டார். அதற்குப் பிறகு அந்த மெஷின் கேட்க மட்டும்தான், பதிய அல்ல.

என் தங்கைக்கு வீட்டில் மெயில்வண்டி என்று பெயர். பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டாள். தையல் கடை வைத்திருக்கிறாள். ரவிக்கைக்கு அளவு எடுத்து முடிப்பதற்குள் வந்தவளுக்கு ஊர்க்கதை முழுக்கத் தெரிந்துவிடும். "எங்க அம்மா எவ்ளோ நிதானமாப் பேசுவாங்க தெரியுமா? நான் யாரக் கொண்டு பொறந்தேனோ" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறை இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், கூட இருந்தார். காலையில் தங்கை வந்து என் வாசலில் வண்டியை விட்டு இறங்கினாள். கையில் போர்வையில் சுற்றிய பாரம்.

"அண்ணா, கதவச் சாத்து."

"என்னடி, கொள்ளையடிச்சிட்டு வந்தவ மாதிரி நிக்கிற?"

"கொள்ளைதான். அப்பா நாளைக்கு வந்துடுவாரு. அதுக்குள்ள துடைச்சு ஓடற மாதிரி பண்ணிக் குடு. காதும் காதும் வச்ச மாதிரி கொண்டுபோய் வச்சிடறேன்."

போர்வையைப் பிரித்தாள். அப்பாவின் ரிக்கார்டர். கடைசியாக ஓட்டியபோதே பெல்ட் இழுத்து இழுத்து அம்மாவின் குரல் ஊளையிட்டது. அதன் பிறகு அப்பா போடவில்லை.

"இப்ப என்ன திடீர்னு?"

மெயில்வண்டி அதிசயமாக நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் பொண்ணு முழுகாம இருக்காள்ல. நேத்து ஒண்ணுமில்லாததுக்கு அழுதா. ஏண்டின்னா தெரியலங்கறா. எனக்கு டேப்புல அம்மா அழுதது ஞாபகம் வந்திடுச்சு. என்னை வயித்துல வச்சுக்கிட்டுத்தானே அழுதா? எதுக்குண்ணா அழுதா? நான் வேணாம்னா?"

நான் ஆடிப்போய்விட்டேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பைத்தியமாடி உனக்கு?" என்றேன்.

"சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. யார்ட்ட சொல்றது? அழறதுக்கு முன்னாடி சரசரன்னு வருதே, அது துணிச் சத்தம். துணிச் சத்தம் எனக்குத் தெரியாதா? முந்தானையால மூஞ்சியத் துடைக்கிறா. அப்புறம் ஏதோ சொல்றா. அது என்னன்னு மட்டும் தெரிஞ்சா போதும். என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்ல, தெரியணும்."

அவளுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. கேட்டது ஒரு குழந்தை கேட்கிற கேள்வி. நான் திருப்புளியை எடுத்தேன்.

மூடியைக் கழற்றியதும் முதலில் மூக்கில் ஏறியது பழைய வாசனை. சூடேறிய பேக்கலைட் பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அந்தப் பெட்டிக்குள் அடைந்திருந்தது போல. தரையின் சில்லிப்பு, அப்பாவின் முழங்கால், எல்லாம் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஹெட்டின் மேல் டேப் உரசி உரசி உதிர்ந்த பழுப்புத் துகள் ஒரு பூச்சாகவே படிந்திருந்தது. அது படிந்தால் குரலின் கூர்மை போய்விடும், போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். குச்சி பழுப்பாக வந்தது, இன்னொன்று, அதுவும் பழுப்பு. வெள்ளைக் குச்சி வெள்ளையாகவே திரும்பி வருகிற வரைக்கும் விடக்கூடாது. டேப்பை எஃகுத் தண்டோடு அழுத்திப் பிடித்து இழுக்கிற ரப்பர் உருளைக்கு ஸ்பிரிட் ஆகாது, ரப்பர் வெடித்துவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீர்தான். தண்டுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். கடைசியாக ஹெட்டில் ஏறியிருக்கும் காந்தத்தை எடுக்கிற கருவியை அருகில் கொண்டுபோய், மெதுவாக, தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதைப் போல விலக்க வேண்டும். சட்டென்று இழுத்தால் இருக்கிற பதிவும் கெடும்.

பிறகு அடிப்பக்கத்தைத் திறந்தேன். பெல்ட் உருகித் தாராகிக் கிடந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அதன் அடியில் இருந்தது. பெல்ட் ஓடுகிற கனத்த சக்கரத்தின் விளிம்பில் யாரோ பிளாஸ்திரி சுற்றிவைத்திருந்தார்கள். காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்திரி. ஒரு சுற்றல்ல, சுற்றுக்கு மேல் சுற்று. மேலே இருந்தது கொஞ்சம் வெளுப்பு, உள்ளே போகப் போகப் பழுப்பு, எல்லாவற்றிலும் தார்.

"எவனோ ஒரு மகாராசன் வேலையப் பாரு" என்று தங்கையிடம் காட்டினேன். "பெல்ட் தளர்ந்துபோச்சுன்னா புதுசு போடணும். இவன் சக்கரத்துக்குக் கட்டுப் போட்டிருக்கான். ஆஸ்பத்திரியில வேல பாத்தவன் போலிருக்கு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே சுரண்டினேன். பிசுபிசுவென்று கத்தை கத்தையாக வந்ததைக் குப்பைக்கூடையில் போட்டேன். அடியில் பித்தளை பளபளத்தது. புது பெல்ட் மாட்டி, கூடத்திலிருந்து கொண்டுவந்த சோதனை டேப்பை ஓட்டிப் பார்த்தேன். வேகம் இம்மி பிசகாமல் சரி. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

தங்கை அம்மாவின் டேப்பைக் கொடுத்தாள். போட்டேன்.

"ஏங்க, ஆன் பண்ணிட்டீங்களா? பண்ணிட்டாராம். கேட்டுக்கோங்க எல்லாரும். பீரோ வாங்கிட்டு வர்றேன்னு போன மனுஷன் பெட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு. இதுல புடவைய மடிச்சு வைக்க முடியுமா? கதவு இருக்கா, கண்ணாடி இருக்கா? கேட்டா, உன் குரல உள்ள வச்சுப் பூட்டலாங்கறாரு..."

சொற்கள் அதேதான். மனப்பாடமாகத் தெரிந்தவை. ஆனால் பேசியது வேறு யாரோ. மெல்லிய குரல், படபடவென்று, ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது வந்து முட்டியது. பெரிய மனுஷியைக் காணோம். சின்னப் பெண் ஒருத்தி வாயாடிக்கொண்டிருந்தாள்.

தங்கை எட்டி மெஷினை நிறுத்தினாள்.

"இது யாரு?"

"அம்மாதான்டி, வேற யாரு?"

"இல்ல. எங்க அம்மா இல்ல. இது எவளோ குழாயடியில சண்டை போடறவ." அவள் முகம் வெளுத்திருந்தது. "எங்க அம்மாவ என்ன பண்ணின?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேப் எந்த வேகத்தில் பதிவானதோ அதே வேகத்தில் ஓடினால்தான் குரல் குரலாக இருக்கும். பெல்ட் ஓடுகிற சக்கரம் பருத்தால் அது மெதுவாகச் சுற்றும், டேப்பும் மெதுவாக ஊர்ந்து போகும். இந்த மெஷினை அப்பா பழைய சாமானாகத்தான் வாங்கினார். வாங்கும்போதே யாரோ பிளாஸ்திரியைச் சுற்றிவைத்திருந்து, அதன் மேலேயே அம்மா பேசியிருந்தால், அந்தக் கனத்த குரல்தான் அம்மாவின் நிஜக் குரல். நான் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிப் போட்டது அம்மாவின் தொண்டையை. இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்து, எங்கள் அம்மாவிடம் வந்தா கை தவற வேண்டும்?

குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். தாரும் பிளாஸ்திரியும் உருண்டையாக ஒட்டிக் கிடந்தன. எத்தனை சுற்று என்று எண்ணப் போனால் விரல்தான் ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்கு ஓடிப்போய்ப் புதுப் பிளாஸ்திரி வாங்கிவந்து சுற்றினேன். ஓட்டினேன்.

"இல்ல. இன்னும் மெதுவா."

இன்னொரு சுற்று.

"இன்னும். இரு, இது அதிகம். இல்ல, முன்னாடி போட்டது சரியோ? இன்னொரு தடவ போடு." அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "வேணாம் அண்ணா, நிறுத்து. கேக்கக் கேக்க எனக்கே மறந்துடும் போலிருக்கு. இருந்ததே அது ஒண்ணுதான்."

அழுதாள். அந்த இடம் வரைக்கும் டேப் போகவே இல்லை. போட விடவில்லை அவள். அம்மா இல்லாத குரலில் அம்மாவின் அழுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெல்ட்டும் புதுப் பிளாஸ்திரியின் மேல் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு, மெஷினைப் பார்க்கப் பிடிக்காமல் அதன் மேல் துண்டைப் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்றாள். ஓட்டினேன். "கதவு இருக்கா, கண்ணாடி இருக்கா" என்று அந்தக் குரல் வாயாடிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம். சாயங்காலம் வர வேண்டிய அப்பாவை ஆஸ்பத்திரியில் காலையிலேயே அனுப்பிவிட்டார்கள். தங்கை வீடு பூட்டியிருக்கவே, மாப்பிள்ளை நேராக இங்கே கூட்டிவந்து இறக்கிவிட்டு மருந்து வாங்கப் போய்விட்டார்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பா உள்ளே நுழைந்தார். மெஷினை மறைக்க நான் குறுக்கே நின்றேன். தங்கை என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் நாங்கள் நின்ற லட்சணம் அது.

"கண்ணு நல்லாத் தெரியுதாப்பா?" என்று கத்தினேன்.

"உன் திருட்டு முழி வரைக்கும் தெரியுது. நகரு."

நகர்ந்தேன். டேப்பின் சத்தம் அப்பாவின் காதில் விழவில்லை. ஆனால் ஸ்பூல் சுற்றுவதைப் பார்த்தார். குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, புதுக் கண்ணால் பார்த்தார்.

"என்னடா, இவ்ளோ வேகமாச் சுத்துது?" பிறகு அவராகவே, "பிளாஸ்திரிய எடுத்துட்டியா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஸ்டூலைத் தடவி உட்கார்ந்தார். கை இல்லாமல் போகும் என்று மிரட்டியவர் கோபப்படவே இல்லை. பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாந்தானேடா சுத்தினேன்."

"எப்ப? அம்மா பேசறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" இதைக் கத்திக் கேட்டவள் தங்கை. அந்த ஒரு பதிலில்தான் அவளுடைய அம்மா இருந்தாள்.

"அவ போனதுக்கப்புறம்மா. உயிரோட இருந்தா நான் எதுக்கு அதெல்லாம் பண்றேன்?" அப்பா ஸ்பூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ படபடன்னு பேசறவ. டேப்பப் போட்டா, நாம மூச்சு விடறதுக்குள்ள பேசி முடிச்சிடுவா. சீக்கிரம் முடிஞ்சுபோகுதே, சீக்கிரம் முடிஞ்சுபோகுதேன்னு இருக்கும். ஒரு நாள் ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசினா. அப்புறம் எப்பெப்ப தாங்கலியோ அப்பப்ப ஒரு சுத்து. ஒரேயடியா சுத்தினா குரல் மாறிடும், நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சுத்தினேன். இவன் இந்தத் தொழிலுக்கு வேற போய்த் தொலைச்சான். தொறந்தா தெரிஞ்சிடுமேன்னுதான் தொட விடல." கொஞ்சம் நிறுத்தி, "கடைசியில பாரு, அவ நிஜக் குரல் எதுன்னு எனக்கே மறந்துபோச்சு" என்றார்.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, இப்ப ஓடிச்சே, அது?"

"அம்மாதான்டி" என்றேன். "மெயில்வண்டிதான். உன் குரலு உனக்கு எப்படி அடையாளம் தெரியும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அப்பாவின் காதருகே குனிந்து, வாழ்நாள் முழுக்க வைத்திருந்ததைக் கேட்டாள். "எதுக்குப்பா அம்மா அழுதா? கடைசியில, பேசி முடிச்சதும்?"

"அழுதாளா? உங்கம்மாவா?"

"அந்த எடம் வந்தா நீங்ககூட எழுந்து ஜன்னலுக்குப் போயிடுவீங்களே!"

அப்பாவுக்கு அவள் சொல்வது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "அட கிறுக்கே" என்றார். "இத்தன வருஷமா இதையா மனசுல வச்சுக்கிட்டிருந்த? டேய், அந்த எடத்தப் போடுறா."

டேப்பை முன்னால் ஓட்டி நிறுத்தினேன். போட்டேன்.

அமைதி. பிறகு சரசரவென்று துணிச் சத்தம், இப்போது வெகு அருகில், நூல் நூலாக. அதன் பின் அம்மா சிரித்தாள். விம்மலே இல்லை. அடக்கி, அடக்க முடியாமல், மூச்சு வாங்க, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மெதுவாக ஓட்டி, ஹெட்டில் அழுக்கேற்றி, அந்தச் சிரிப்பைத்தான் நாங்கள் இத்தனை காலம் அழுகையாகக் கேட்டிருக்கிறோம். சிரிப்புக்கு நடுவே சொற்கள் ஒவ்வொன்றும் துடைத்துவைத்தது போல வந்தன.

"ஐயோ, எடுங்க, கூசுது! போதும், டேப்பு தீந்துடும். மிச்சத்த அதுக்கு வையுங்க. வெளிய வந்து அதுவே பேசிக்கும்."

அதோடு பதிவு நின்றது.

அப்பாவுக்கு எதுவும் கேட்டிருக்காது, ஆனால் டேப் எங்கே இருக்கிறது என்று ஸ்பூலைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருந்தது. முஷ்டியை மடக்கி மைக் போலப் பிடித்து, காற்றில் ஒரு வயிற்றின் உயரத்தில் வைத்துக் காட்டினார்.

"நீ பேசினது போதும், உள்ள இருக்கறவங்களும் ஒரு வார்த்த சொல்லட்டும்னு மைக்கக் கொண்டுபோய் அவ வயித்துல வச்சேன். அதுக்குத்தான் சிரிச்சா. அந்தச் சிரிப்பக் கேட்டுட்டு உங்க முன்னாடி நான் எப்படி உக்காந்திருக்கறது? அதான் எழுந்து போயிடுவேன்." பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "சரசரங்குதே, அது புடவ. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது நீதாண்டி."

தங்கை அப்பாவின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று முனகினார். யாருடைய கண்ணைச் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்கும் கண் மறைத்தது. நான் மெஷினைக் கவிழ்த்து, யாரையும் கேட்காமல், சிவப்புப் பொத்தானுக்கு அடியில் இருந்த மரத்துண்டைப் பிடுங்கினேன்.

மேஜையில் கிடந்த மைக்கைச் செருகி, முதலில் பழைய டேப் ஒன்றில் பதிந்து பார்த்தேன். வேலை செய்தது. அம்மாவின் டேப்பை மாட்டி, அவள் பேச்சு நின்ற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெற்று டேப் விட்டு நிறுத்தினேன். மைக்கைத் தங்கையிடம் நீட்டினேன்.

"என்ன?"

"மிச்சத்த உனக்குத்தான் வச்சிருக்கா. பேசு."

ஓட்டுகிற பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்பூல் சுற்ற ஆரம்பித்தது. எந்த ஸ்டேஷனிலும் நிற்காதவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றாள்.

"டேப்பு ஓடுது பாரு" என்றார் அப்பா. "உங்கம்மா திட்டுவா."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"அம்மா, நாந்தான், வெளிய வந்துட்டேன், கொஞ்சம் நேரமாயிடுச்சு. இங்க பாரு, உன் வீட்டுக்காரரு இன்னும் பீரோ வாங்கல, சட்ட வேட்டியெல்லாம் அதே இரும்புப் பொட்டிலதான் திணிச்சு வச்சிருக்காரு, கேட்டா காது கேக்கலேங்கறாரு..."

படபடவென்று போனாள். கண்ணை மூடிக் கேட்டால் சற்று முன் டேப்பில் பேசியவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னடா சொல்றா?" என்றார் அப்பா என்னிடம்.

"பீரோ இன்னும் வரலையாம்!" என்று அவர் காதில் கத்தினேன்.

அப்பா சிரித்தார். அதுவும் அந்த டேப்பில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகும் டேப் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.